விமானி உரிமமும் கல்விக் கடனும்

பிள்ளையை விமானியாக்க விரும்பும் பெற்றோர் முதலில் அறிய வேண்டியது ஒன்று உண்டு. வணிக விமானி உரிமத்தை வழங்குவது பயிற்சிப் பள்ளியன்று. மைய அரசின் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமே. கட்டணம் முழுவதையும் செலுத்திவிட்டதால் மட்டும் எவருக்கும் உரிமம் கிடைப்பதில்லை.

விண்ணப்பதாரருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் பயின்றிருத்தல் அவசியம். வான்வழிச் செலுத்துகை, வானிலையியல், வான்போக்குவரத்து விதிகள் முதலிய தாள்களில் 70 விழுக்காடு மதிப்பெண் பெற வேண்டும். இவற்றுடன் 200 மணி நேரம் பறந்த அனுபவமும் தேவை. அதில் 100 மணி நேரம் விமானத்தின் முழுப் பொறுப்பையும் தாமே ஏற்றுச் செலுத்தியதாக இருக்க வேண்டும். தொலைதூரப் பயணங்களுள் ஒன்றேனும் 300 கடல் மைலுக்கு, அதாவது ஏறத்தாழ 555 கிலோமீட்டருக்குக் குறையாமல் அமைந்து, வழியில் இரு வேறு விமானத் தளங்களில் இறங்கியதாக இருத்தல் வேண்டும். இரவில் பறந்த அனுபவமும் கணக்கில் கொள்ளப்படும்.

பலரும் கவனியாத விதி ஒன்று இங்கே உள்ளது. விண்ணப்பிப்பதற்கு முந்தைய ஆறு மாதங்களுக்குள் குறைந்தது 15 மணி நேரமாவது பறந்திருக்க வேண்டும். பணமின்றிப் பயிற்சி இடையில் நின்றுபோனால், விட்ட இடத்திலிருந்து அப்படியே தொடர இயலாது. கைப்பழக்கம் குறைவதோடு, கூடுதல் மணி நேரத்துக்கும் செலவிட நேரும். பாதிவழியில் பணம் தீர்ந்துபோவதே இப்படிப்பின் மிகப் பெரிய இழப்பு.

ஆகவே, கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் முன்பே மருத்துவத் தகுதியைச் சோதித்துக்கொள்வது அறிவுடைமை. வணிக விமானிக்கு முதல் வகுப்பு மருத்துவச் சான்று கட்டாயம். நிறக்குருடு போன்ற குறைபாடுகள் லட்சக்கணக்கில் செலவழித்த பின் தெரியவந்தால் என்ன பயன்? பள்ளி இயக்குநரகத்தின் ஒப்புதல் பெற்றதா என்பதையும் அப்போதே உறுதிசெய்துகொள்க.

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், இயக்குநரகம் ஏற்ற விமானிப் பயிற்சியும் இடம்பெற்றுள்ளது. ரூ.7.5 லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்குச் சொத்துப் பிணையம் கேட்கப்படும். பெரும்பாலும் அது குடும்பத்தின் வீடாகவே இருக்கும். பறந்த மணி நேரத்துக்கேற்பத் தவணை தவணையாகப் பணம் பள்ளிக்குச் செல்லுமாறு கிளை மேலாளரிடம் கேட்டுப் பார்க்கலாம். ஒரே தொகையாக முன்பணம் கேட்கும் பள்ளியிடம் சற்றே நிதானிப்பது நன்று.

உரிமம் பெற்றவுடன் பெரிய விமானத்தை ஓட்டிவிட முடியாது. ஒவ்வொரு வகை விமானத்துக்கும் தனித் தகுதிச் சான்று வேண்டும். அதற்குத் தனிச் செலவும் உண்டு. கடன் தொகையைக் கணக்கிடும்போது இதை விட்டுவிடுவோர் பலர். பயிற்றுநராக விரும்புவோருக்கும் உரிமம் மட்டும் போதாது. முதலில் துணைப் பயிற்றுநர் தகுதி பெற்று, முழுப் பயிற்றுநரின் மேற்பார்வையில் கற்பிக்க வேண்டும். ஆயினும் இவ்வழியில் வருமானமும் பறந்த நேரமும் ஒருங்கே சேரும். விமானத் தலைவருக்குரிய உயர் உரிமத்துக்கு 21 வயதும் 1,500 மணி நேரமும் தேவை. திட்டத்தின்படி படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணைக்கு விலக்கு உண்டென்றாலும், அக்காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டேயிருக்கும். வேலைக்குக் காத்திருக்கும் இளம் விமானிக்குப் பயிற்றுநர் பணி தரும் ஊதியம், அந்த வட்டியையேனும் கட்ட உதவும்.