கீமோதெரபி தொடங்கும் முன் குடும்பம் செய்ய வேண்டியவை



மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி தேவை என்று டாக்டர் சொன்னதும், பல வீடுகளில் முதலில் எழும் கவலை, "வெளியே தெரிந்தால் மகளின் சம்பந்தம் என்ன ஆகும்?" என்பதுதான். தொட்டால் ஒட்டும் நோயல்ல இது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் வராது. முழுவதும் மறைத்துவிட்டால், ராத்திரியில் காய்ச்சல் வரும்போது உதவிக்கு ஆள் இருக்காது. நம்பிக்கையான நாலு பேரிடமாவது சொல்லிவையுங்கள்.

மனதைத் தயார் செய்வது: "அழாதே, சபர் செய்" என்று அவர் வாயை அடைக்காதீர்கள். யஃகூப் நபி (அலை) அவர்கள் மகனை நினைத்து அழுதார்கள், சபரும் செய்தார்கள். அவர் பயத்தைச் சொல்லட்டும், நீங்கள் கேளுங்கள். பெரும்பாலான மருந்துகளில் இரண்டு மூன்று வாரத்தில் முடி உதிரத் தொடங்கும். சிகிச்சை முடிந்தபின் பெரும்பாலும் திரும்ப வளரும். இதைப் பிள்ளைகளுக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

செலவும் பயணமும்: நமக்குப் பக்கத்தில் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை உள்ளது. வேலூர் சி.எம்.சி., அடையாறு புற்றுநோய் நிலையம் ஆகியவையும் உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. தோல் ஷாப்பிலோ ஷூ கம்பெனியிலோ இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், குடும்பத்தாருக்கும் மருத்துவ உரிமை உண்டு. அட்டைகளை முதல் ஊசிக்கு முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைச் சான்றிதழைக் காட்டினால், நோயாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் ரயில் கட்டணச் சலுகை கிடைக்கும்.

டாக்டரிடம் சொல்ல வேண்டியவை: சர்க்கரை, பி.பி. மாத்திரைகள், யூனானி, நாட்டு மருந்துகள், பல் வலி, கர்ப்பமாக இருக்கும் வாய்ப்பு. எதையும் விட்டுவிடாதீர்கள். ரமலானில் நோன்பு பற்றியும் கேளுங்கள். நோயாளி நோன்பை விட்டுப் பின்னர் நோற்க அல்குர்ஆன் (2:185) அனுமதிக்கிறது. நோற்கவே முடியாத நிலை என்றால் ஃபித்யா பற்றி ஆலிமிடம் கேளுங்கள்.

காய்ச்சல்: எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான். ஊசி போட்ட ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறையும். அப்போது சாதாரணக் கிருமியும் உயிருக்கு ஆபத்து. வீட்டில் தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் போனாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். டாக்டரைக் கேட்காமல் காய்ச்சல் மாத்திரை கொடுத்தால் காய்ச்சல் மறைந்துவிடும், கிருமி மறையாது. உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வண்டி இல்லையென்றால் 108.

சளி, காய்ச்சல் உள்ளவர்கள் நலம் விசாரிக்க வர வேண்டாம். போனில் பேசினால் போதும். காய்ச்சிய தண்ணீர், அப்போது சமைத்த சாப்பாடு கொடுங்கள்.

இன்று வீட்டில் உட்கார்ந்து பேசி ஒரு தாளில் எழுதுங்கள்: மருத்துவமனை எண், ராத்திரியில் கூப்பிட்டால் வரும் ஆட்டோக்காரர் எண், ஊசி நாளில் துணைக்குப் போவது யார், அன்று சமைப்பது யார், பிள்ளைகளைப் பார்ப்பது யார். சமையலறைச் சுவரில் ஒட்டிவையுங்கள். அல்லாஹ் எல்லா நோயாளிகளுக்கும் ஷிஃபா தருவானாக, ஆமீன்.