வேற்றுமை காண்டலும் வேற்றுமை பாராட்டலும்

திருவீதியில் எம்பெருமான் எழுந்தருளும்போது நாகஸ்வரத்தில் ஒலிப்பது பைரவியா, மாஞ்சியா என்று கேட்ட மாத்திரத்தில் சொல்லவல்ல ரசிகர்கள் உண்டு. இரண்டும் மிக நெருங்கிய இராகங்கள். பழகாத செவிக்கு ஒன்றாகவே தோன்றும். பொற்கொல்லர் உரைகல்லில் ஒரு கீற்று இழைத்த அளவிலேயே பொன்னின் மாற்றுக் குறைவைக் கூறிவிடுவார். நுண்ணிய வேற்றுமையைக் காணும் இவ்வாற்றலை உலகம் மெச்சுகிறது. ஆனால் வேற்றுமை காண்டல் வேறு. வேற்றுமை பாராட்டல் வேறு. முன்னது அறிவின் தொழில். பின்னது பிறர்க்கு இழைக்கும் அநீதி. நமது பூர்வாசார்யர்கள் இவ்விரண்டையும் எவ்வாறு பிரித்து உணர்த்தினார்கள் என்பதை இத்திருவிழா மலரில் சிறிது ஆராய்வோம்.

ஸ்ரீவைஷ்ணவ ஸித்தாந்தம் வேற்றுமைகளை மறுக்கும் ஸித்தாந்தம் அன்று. சித்து, அசித்து, ஈச்வரன் என்று தத்துவங்கள் மூன்றையும் பிரித்தறிவதே அதன் முதற்பாடம். அந்தணன், பசு, யானை, நாய், நாயின் ஊனை உண்பவன் ஆகிய அனைவரிடத்தும் ஞானிகள் ஸமமான பார்வை கொள்வர் என்று கண்ணன் கீதையின் ஐந்தாம் அத்தியாயத்தில் அருளினான். அவ்விடத்திற்கு உரை வகுத்த எம்பெருமானார், கண்ணுக்குப் புலனாகும் ஏற்றத்தாழ்வு பிரகிருதியைச் சேர்ந்தது என்றும், ஆத்மாவோ எங்கும் ஞானமே வடிவாய் ஒத்திருக்கிறது என்றும் விளக்குகிறார். அன்பர்கள் இதனை ஊன்றி நோக்க வேண்டும். ஸமதர்சனம் என்பது வேற்றுமை தெரியாமையால் வருவதன்று. உடலுக்கும் ஆத்மாவுக்கும் உள்ள மிக நுண்ணிய வேற்றுமையைக் கண்டதன் பயன். பிறப்பைக் கொண்டு ஒருவரைத் தாழ்த்துபவன் தான் கூர்ந்து நோக்குவதாக எண்ணுகிறான். உண்மையில் அவன் உடலையே ஆத்மாவாக மயங்கி முதற்பாடத்திலேயே வழுவியவன்.

பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் இதனை மேலும் கடுமையாகப் பேசுகிறார். பாகவதர்களின் பிறப்பை ஆராய்வது, அர்ச்சாவதார மூர்த்தி இன்ன உலோகத்தால் ஆனது என்று எண்ணுவதைக் காட்டிலும் கொடியது என்பது அவர் தீர்ப்பு. இவ்வுவமை சிந்தனைக்குரியது. செம்பு எவ்வளவு, பித்தளை எவ்வளவு என்று அறியாத ஸ்தபதி திருமேனியை வார்க்க இயலாது. பட்டறையில் அவ்வறிவு வேண்டுவதே. அதே எண்ணத்தை ஸந்நிதி முன் நின்று எண்ணினால் அபசாரம். ஆகவே பிழை அறிவில் இல்லை. அதனை எவ்விடத்தில், எதன் பொருட்டு எடுக்கிறோம் என்பதில் இருக்கிறது. அருளிச்செயல் கோஷ்டியில் ஓதுபவர் பாசுரங்களைப் பாடம் செய்திருக்க வேண்டும் என்று கேட்பது அவர் ஏற்ற பணியைப் பற்றிய வினா. தீர்த்தம் பெறக் கை நீட்டுபவரின் குலத்தைக் கேட்பது எப்பணியையும் பற்றியதன்று.

சொன்னபடி ஒழுகிக் காட்டியவர் பெரிய நம்பிகள். ஆளவந்தாரின் சீடர்களுள் மாறனேர் நம்பி, தாழ்ந்ததென ஊரார் எண்ணிய குலத்தில் பிறந்தவர். தம் ஆசார்யரை வருத்திய பிளவை நோயைக் குரு பிரஸாதம் என்று வேண்டித் தாம் ஏற்றுக்கொண்டார் என்பது குருபரம்பரை வரலாறு. அவர் திருநாட்டுக்கு எழுந்தருளியபோது, பெரிய நம்பிகள் தாமே முன்னின்று ஓர் உயர்ந்த பாகவதர்க்குரிய முறையில் சரம கைங்கர்யங்களைச் செய்தார். திருவரங்கத்து அந்தணர் பலர் சினந்து அவரை விலக்கினர். இராமானுசர் காரணம் வினவியபோது நம்பிகள் திருப்பி வினவினார்: ஜடாயுவுக்கு ஈமக்கடன் செய்த பெருமாளிலும் தாம் உயர்ந்தவரோ? விதுரருக்குச் செய்த தருமபுத்திரரிலும் மேம்பட்டவரோ? திருவாய்மொழியில் மூன்றாம் பத்தின் ஏழாம் பதிகமும் எட்டாம் பத்தின் பத்தாம் பதிகமும் அடியார் பெருமை பேசுவது வெறும் ஓசைதானோ? நம்பிகள் இராமானுசருக்கே பஞ்ச ஸம்ஸ்காரம் செய்தருளிய ஆசார்யர் என்பது நினைவிருக்கட்டும். அத்தகையவரையும் ஊர் விலக்கியது!

பின் வந்த காலமும் அவ்வூராரின் வழியையே பெரிதும் பின்பற்றியது. திருநாராயணபுரத்தில் இராமானுசர் திருக்குலத்தாருக்குத் திறந்த வாயில் பிற்காலத்தில் ஆண்டுக்குச் சில நாட்களுக்குரிய சலுகையாக நின்றது. திருவனந்தபுரம் முதலிய தலங்களில் அனைவரும் நுழைவதற்கு 1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னரின் பிரகடனம் வேண்டியிருந்தது. சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டில் ஆலயப் பிரவேசச் சட்டம் இயற்றப்பட்டது. 1950 ஜனவரி 26 முதல் அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. ஸ்ரீவசனபூஷணத்தைக் காலக்ஷேபம் கேட்டு வந்த சமூகத்திற்கு இவையெல்லாம் தேவைப்பட்டன என்பது மகிழ்ந்து சொல்லத்தக்க செய்தி அன்று. லோகஸாரங்க முனிவர் திருப்பாணாழ்வாரைத் தோளில் சுமந்ததை நாம் கண்ணீர் மல்கக் கேட்கிறோம். அதற்கு முன் காவிரிக் கரையில் அவர்மீது விழுந்த கல்லை விரைவில் கடந்துவிடுகிறோம்.

இவ்வுத்ஸவத்திலும் ததீயாராதனப் பந்தலில், "ஸ்வாமிக்கு எந்த ஊர்?" என்ற வினா பலமுறை எழும். தொலைவிலிருந்து வந்தவருக்குத் தங்க இடம் உண்டா, கடைசிப் பேருந்து எப்போது என்று அறியவும் அவ்வினா எழலாம். அருகில் அமர்வதா, எழுந்து வேறு பந்திக்குச் செல்வதா என்று தீர்மானிக்கவும் எழலாம். சொற்கள் ஒன்றே. ஊர்ப்பெயரோடு நின்றால் அது விருந்தோம்பல். ஊருக்குப்பின் தெரு, தெருவுக்குப்பின் தகப்பனார் பெயர் என்று தொடருமானால் பிள்ளை லோகாசார்யர் விலக்கிய ஜன்ம நிரூபணம் அங்கே தொடங்கிவிட்டது.