கிளைவழிப் பாதை

நுழையும்முன்

காட்டைக் காண்பது வேறு; காட்டைக் கற்பது வேறு. விலங்குகளை மட்டும் தேடும் கண்களுக்கு ஒருசில உயிர்களே புலப்படும். அவ்வுயிர்களுக்கு இடையே உள்ள உறவைத் தேடுவோர்க்கே காடு தன்னைக் காட்டும். ஆனைமலையின் மழைக்காட்டுப் பகுதியில் பதினோராம் வகுப்பு மாணவர்கள் இரண்டு நாள்கள் மேற்கொண்ட களப்பயணத்தை இப்பாடம் விவரிக்கிறது.

காடு எங்கே?

பொள்ளாச்சியிலிருந்து புறப்பட்ட பேருந்து ஆழியாற்றைக் கடந்து மலைச்சாலையில் ஏறத் தொடங்கியது. வால்பாறையை அடைய 40 கொண்டையூசி வளைவுகளைக் கடக்க வேண்டும். பேருந்தில் மாணவர்கள் 24 பேர் இருந்தனர். உயிரியல் ஆசிரியரும் தமிழாசிரியரும் உடன் சென்றனர். ஒவ்வொரு மாணவர் கையிலும் ஒரு குறிப்பேடு இருந்தது. அதன் இடப்பக்கத்தில் கண்டதை எழுத வேண்டும். வலப்பக்கத்தில் கருதியதை எழுத வேண்டும். இரண்டையும் கலக்கக் கூடாது. இதுவே உயிரியல் ஆசிரியர் விதித்த ஒரே விதி.

ஒன்பதாம் வளைவில் பேருந்து நின்றது. செங்குத்தான பாறைச் சரிவில் வரையாடுகள் சில மேய்ந்துகொண்டிருந்தன. தமிழ்நாட்டின் மாநில விலங்கைப் பாடநூற்படத்தில் மட்டுமே கண்டிருந்த மாணவர்கள் மகிழ்ச்சியில் ஆரவாரித்தனர். ஆடுகளோ ஒருமுறை தலைநிமிர்ந்து பார்த்துவிட்டுப் புல்லை நாடின. ‘வரை’ என்பது மலை. மலையில் வாழும் ஆடு வரையாடு என்று தமிழாசிரியர் பெயர்க்காரணம் கூறினார்.

வால்பாறையை அடைந்ததும் மாணவர்களுக்கு ஏமாற்றமே காத்திருந்தது. கண்ணுக்கு எட்டிய தொலைவுவரை தேயிலைச் செடிகள் பச்சைக் கம்பளமாய் விரிந்து கிடந்தன.

“ஐயா, நாம் மழைக்காட்டைக் காண வந்தோம். காடு எங்கே?” என்று ஒரு மாணவி வினவினாள்.

“நீ நிற்குமிடம் ஒருகாலத்தில் காடாக இருந்ததம்மா” என்றார் ஆசிரியர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயத் தோட்ட முதலாளிகள் இம்மேட்டுநிலத்தில் குடியேறினர். காபிக்கும் தேயிலைக்கும் இடமளிக்கக் காடு அழிக்கப்பட்டது. இன்று ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இம்மேட்டுநிலத்தின் பெரும்பகுதி தோட்டங்களே. அழிவிலிருந்து தப்பிய சோலைகள் தேயிலைக் கடலின் நடுவே சிறுசிறு தீவுகளாக நிற்கின்றன. சுற்றிலும் பாதுகாக்கப்பட்ட பெருங்காடுகள் உள்ளன. அவற்றுள் ஒன்றான ஆனைமலைக் காடு 1976ஆம் ஆண்டில் காட்டுயிர்ப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. பின்னர்ப் புலிகள் காப்பகமாக உயர்ந்தது. ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீளமுடைய மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்களை யுனெஸ்கோ 2012இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. ஆனைமலைப் பகுதியும் அதில் அடங்கும்.

தடங்களின் மொழி

மறுநாள் விடியலில் காடர் பழங்குடியைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் வழிகாட்டியாக வந்தார். உரிய அனுமதியுடன் சோலை ஒன்றின் ஓரமாக அவர் மாணவர்களை அழைத்துச் சென்றார். ஆற்றங்கரை ஈரமண்ணில் வட்டமான பெரிய பள்ளங்கள் வரிசையாகக் காணப்பட்டன.

“இராத்திரி யானை போயிருக்கிறது. மண் இன்னும் உலரவில்லை பாருங்கள், பிள்ளைகளே” என்றார் அவர்.

யானையின் முன்னங்காற் சுவட்டின் சுற்றளவைப் போல் ஏறத்தாழ இருமடங்கே அதன் தோள் உயரம் ஆகும். மாணவர்கள் அளவுநாடாவால் அளந்தனர். சுற்றளவு 120 சென்டிமீட்டர். எனவே அவ்வழியே சென்ற யானை ஏறத்தாழ 240 சென்டிமீட்டர் உயரமுடையது எனக் கணக்கிட்டனர். யானையைக் காணாமலே அதன் உருவத்தைக் கண்டனர்.

யானைகள் ஒரு காட்டிலிருந்து மற்றொரு காட்டிற்குச் செல்ல ஆற்றோரத்து மரச்செறிவைப் பயன்படுத்துகின்றன. அவ்வழியில் தொழிலாளர் குடியிருப்புகளும் உள்ளன. ஆதலின் யானைகள் நிற்கும் இடத்தைக் கைப்பேசிக் குறுஞ்செய்தியால் மக்களுக்கு அறிவிக்கும் முறை வால்பாறையில் நடைமுறையில் உள்ளது. யானை அருகில் இருப்பதை உணர்த்தச் சிவப்பு விளக்குகளும் அமைக்கப்பட்டுள்ளன. இருளில் எதிர்பாராமல் எதிர்ப்படுவதே இருதரப்பிற்கும் கேடு. அதைத் தவிர்ப்பதே இம்முயற்சியின் நோக்கம்.

இருவாச்சியின் கூடு

சோலைக்குள் வெளிச்சம் குறைந்தது. வானை நோக்கி உயர்ந்த மரங்களின் கிளைகள் தம்முள் பின்னிப் பசுங்கூரையாய்க் கவிந்திருந்தன. இக்கூரையை மரவிதானம் என்பர். திடீரெனத் தலைக்குமேல் பெருங்காற்று வீசுவதுபோல் ஓர் ஒலி கேட்டது.

“காற்றில்லை, இருவாச்சியின் சிறகொலி” என்று பெரியவர் மெல்லக் கூறினார்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் காணப்படும் நான்கு வகை இருவாச்சிகளுள் மிகப் பெரியது பெரும் இருவாச்சி. அதன் பெண்பறவை முதிய மரப்பொந்துக்குள் புகுந்து, சிறு பிளவு ஒன்றை மட்டும் விட்டு வாயிலை அடைத்துக்கொள்கிறது. பல வாரங்கள் அது பொந்தினுள்ளேயே அடைகாக்கும். அக்காலம் முழுவதும் ஆண்பறவையே உணவூட்டுகிறது. ஆண்பறவை இறப்பின் உள்ளிருக்கும் உயிர்களின் வாழ்வும் இடருக்கு உள்ளாகும்.

பறவைக்கு இடையூறு நேராதவாறு மாணவர்கள் தொலைவில் அமர்ந்து இருகண்நோக்கியால் பார்த்தனர். ஆண்பறவை தொண்டைக்குள் அடக்கி வந்த அத்திப்பழங்களை ஒவ்வொன்றாக வெளிக்கொணர்ந்து பிளவின் வழியே ஊட்டியது. ஒரு மாணவன் எண்ணினான், 27 பழங்கள்.

இருவாச்சி விழுங்கும் பழங்களின் விதைகள் தாய்மரத்திற்கு வெகுதொலைவில் விழுந்து முளைக்கின்றன. கருங்குங்கிலியம், காட்டுச் சாதிக்காய் போன்ற பெருவிதை மரங்களுக்குச் சிறுபறவைகளின் அலகு போதாது. அகன்ற அலகுடைய பறவைகளே அவற்றின் விதைகளைச் சுமக்க வல்லவை. பொந்துள்ள முதுமரம் இன்றேல் இருவாச்சிக்குக் கூடில்லை. இருவாச்சி இன்றேல் நாளைய மரத்திற்கு விதைப்பார் இல்லை.

சாலைக்குமேல் ஒரு பாலம்

நண்பகலில் மாணவர்கள் புதுத்தோட்டம் சாலைக்கு வந்தனர். சாலையின் இருபுறமும் சோலை, நடுவே வாகனங்கள். இப்பகுதியில்தான் சோலைமந்தி எனப்படும் சிங்கவால் குரங்குகள் வாழ்கின்றன. கரிய உடல், முகத்தைச் சூழ்ந்த நரைத்த பிடரிமயிர், குஞ்சம் முடிந்த வால் ஆகியவை இவற்றின் அடையாளங்கள். உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையையன்றி வேறெங்கும் இவை இயற்கையாக வாழ்வதில்லை. இவற்றுள் முதிர்ச்சியடைந்தவை 2,500க்கும் குறைவு என மதிப்பிடப்படுகிறது.

இக்குரங்குகள் மரங்களிலேயே வாழ இயைந்தவை. வெடிப்பலாவின் பூவும் பழவிதையும் அத்திப்பழமும் பூச்சிகளும் இவற்றின் உணவு. கிளைக்குக் கிளை தாவிச் செல்வதே இவற்றின் வழி. மரவிதானம் அறுந்த இடத்தில் அவ்வழியும் அறுந்துபோகிறது. பறக்கும் இருவாச்சி இடைவெளியைக் கடந்துவிடும். குரங்கோ தரையிறங்கிச் சாலையைக் கடக்க நேரிடும். அவ்வாறு கடந்தவற்றுள் சில வாகனங்களில் அடிபட்டு இறந்தன. இதைத் தடுக்கச் சாலைக்குமேல் இருபுற மரங்களையும் இணைத்துத் தீயணைப்புக் குழாய்களாலான தொங்குபாலங்கள் கட்டப்பட்டுள்ளன.

ஒரு குரங்குக் கூட்டம் பாலத்தை நெருங்கியது. மாணவர்கள் மூச்சடக்கி நின்றனர். முதலில் ஒரு கடுவன் கடந்தது. வயிற்றைப் பற்றிய குட்டியுடன் ஒரு மந்தி கடந்தது. பின்னர் ஒவ்வொன்றாகத் தொடர்ந்தன. அப்போது சாலையோரத்தில் ஒரு மகிழுந்து நின்றது. அதிலிருந்து ஒருவர் வறுவல் பொட்டலத்தைப் பிரித்துக் குரங்குகளை நோக்கி வீசினார். பாலத்தின் தொடக்கத்தில் நின்ற இளங்குரங்கு ஒன்று திரும்பியது. மரத்திலிருந்து இறங்கிச் சாலையின் நடுவே வந்து வறுவலைப் பொறுக்கத் தொடங்கியது.

வளைவில் பேருந்தின் ஒலி கேட்டது. அங்குக் காவல் பணியில் இருந்தவர் இரு கைகளையும் உயர்த்தியபடி ஓடினார். ஓட்டுநர் பேருந்தை நிறுத்தினார். இளங்குரங்கு ஒரே தாவலில் மரமேறி மறைந்தது. சில நொடிகள் ஒருவரும் பேசவில்லை.

தன் பையில் பிஸ்கட் வைத்திருந்த மாணவி, “நானும் கொடுக்கலாம் என்றே எண்ணியிருந்தேன், ஐயா” என்றாள்.

“பசிக்கு உணவிடுவது நம் மரபு. ஆயினும் இதற்குரிய உணவு காட்டில் இருக்கிறது. நாம் சாலையில் இடுவது உணவன்று, அழைப்பு. இன்று உண்ட இடத்திற்கு அது நாளையும் வரும். காப்பதற்கு நாளையும் ஒருவர் நிற்பாரா?” என்றார் தமிழாசிரியர்.

பெண்குரங்கு பொதுவாக இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையே ஒரு குட்டியை ஈனும். எனவே, ஓர் இழப்பை ஈடுசெய்யவே கூட்டத்திற்குப் பல ஆண்டுகள் ஆகும் என்று உயிரியல் ஆசிரியர் விளக்கினார். அம்மாணவி மகிழுந்தை நெருங்கி, அமைதியாக அச்செய்தியை அதிலிருந்தவர்களிடம் கூறினாள். அவர்கள் இறங்கிவந்து சிதறிக் கிடந்த வறுவலைப் பொறுக்கி எடுத்தனர்.

இணைப்பே காப்பு

பாலம் உடனடித் தீர்வு. மரமே நிலையான தீர்வு. சிதைந்த சோலைகளில் அம்மண்ணுக்குரிய மரக்கன்றுகளை நட்டு மீட்டெடுக்கும் பணி வால்பாறையில் இரண்டு பத்தாண்டுகளுக்கும் மேலாக நடைபெறுகிறது. தேயிலைக்கு நிழல்தர ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் மரமே பெரிதும் வளர்க்கப்படுகிறது. அதனோடு நம் மண்ணின் மரங்களையும் வளர்த்தால், தோட்டமே உயிரினங்கள் கடந்து செல்லும் வழியாகும். காட்டைக் காக்கத் தேயிலைத் தொழிலை அழிக்க வேண்டுவதில்லை. உழைப்போர் வாழ்வும் காட்டுயிர் வாழ்வும் ஒரே நிலத்தில் இடம்பெறும் வழியைக் காண்பதே அறிவுடைமை.

புலியைக் காண விரும்பி வந்த மாணவர்கள் புலியைக் காணவில்லை. ஆயினும் அவர்களது குறிப்பேடுகளின் இடப்பக்கத்தில் வரையாடும் யானைச்சுவடும் 27 அத்திப்பழங்களும் இடம்பெற்றிருந்தன. “பாலத்தில் கடந்தவை 16, சாலையில் இறங்கியது 1” என்று அம்மாணவி எழுதியிருந்தாள். வலப்பக்கத்தில், “அந்த ஒன்று தானாக இறங்கவில்லை” என்ற ஒரு தொடர் மட்டுமே இருந்தது.

தெரிந்து தெளிவோம்

குரங்கு, முசு, ஊகம் ஆகியவற்றின் பெண்ணை ‘மந்தி’ என்னும் பெயரால் வழங்குவதைத் தொல்காப்பிய மரபியல் குறிப்பிடுகிறது. ஆண்குரங்கைக் ‘கடுவன்’ என்பர். கா, கானகம், அடவி, பொழில், மிளை, இறும்பு முதலியன காட்டைக் குறிக்கும் சொற்களுள் சில.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் உள்ள ஒரு மரத்தை ஒருமணிநேரம் உற்றுநோக்குக. கண்டவற்றையும் கருதியவற்றையும் தனித்தனியே எழுதுக.
2. ‘நாம் சாலையில் இடுவது உணவன்று, அழைப்பு’ – இக்கூற்று குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.
3. சாலையோரக் காட்டுயிர்களுக்கு உணவிடுவதைத் தவிர்க்க வேண்டிச் சுற்றுலாப் பயணிகளுக்கு அறிவிப்புப் பலகை வாசகம் ஒன்று உருவாக்குக.