கை எங்கே நிற்கிறது?

சாமல்பட்டி

அன்புள்ள தம்பி,

"எந்த கோர்ஸில் சேரட்டும் அண்ணா?" என்று போனில் கேட்டாய். நின்றுகொண்டே சொல்லி முடிக்கிற விஷயமில்லை, அதனால்தான் எழுதுகிறேன். நீ ஐ.டி.ஐ. முடித்து ஓசூர் சிப்காட்டுக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. வேலையில் உன் கை எங்கே தயங்கி நிற்கிறது என்று முதலில் பார். கோர்ஸ் அப்புறம்.

நான் ட்ரெய்னியாக இருந்தபோது லேத்தில் 50 மில்லிமீட்டர் ஷாஃப்ட் கடைந்தேன். ஒவ்வொன்றையும் மைக்ரோமீட்டரில் அளந்துதான் தட்டில் வைத்தேன். சாப்பிட்டு வந்து பார்த்தால் பன்னிரண்டில் சிவப்புச் சீட்டு. எல்லாம் அளவு குறைவு. மெஷின்மேல் பழி போட்டேன். சி.என்.சி. புரோகிராமிங் படித்தால்தான் விடிவு என்று கடன் வாங்கிப் பணமும் கட்டிவிட்டேன். கடைசியில் ஒரு மூத்த இன்ஸ்பெக்டர், அப்போதுதான் இறக்கிய ஷாஃப்டைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சுட்டது. சூட்டோடு அளந்திருக்கிறேன்! 20 டிகிரி சூடு ஏறினால் அந்தப் பருமனுள்ள எஃகு ஏறக்குறைய 0.01 மில்லிமீட்டர் பருக்கும், ஆறினால் சுருங்கிவிடும். எனக்கு வேண்டியிருந்தது புரோகிராமிங் இல்லை, ஒழுங்காக அளக்கப் பழகுவது.

பல கம்பெனிகளில் லைன் பக்கத்தில் ஸ்கில் மேட்ரிக்ஸ் போர்டு மாட்டியிருப்பார்கள். பெயருக்கு நேரே நாலு பாகமாகப் பிரித்த வட்டங்கள். பெரும்பாலும் ஒரு பாகம் நிரம்பியிருந்தால் பழகுகிறவர், இரண்டு என்றால் ஆள் பக்கத்தில் இருந்தால் செய்வார், மூன்று என்றால் தனியாகச் செய்வார், நாலும் நிரம்பினால் மற்றவருக்குச் சொல்லித்தருவார். அதை நிரப்புவது சூப்பர்வைசர். நீயும் ஒன்று வரைந்து, மனசாட்சியோடு நிரப்பு. அவருடையதும் உன்னுடையதும் எந்த வட்டத்தில் ஒத்துப்போகவில்லையோ, அதைப் பற்றி அவரிடமே கேள். கூச்சப்படாதே.

கூடவே ஒரு நோட்டு போடு. இன்று யாரைக் கூப்பிட்டேன், எதற்கு, எது ரிஜெக்ட் ஆனது என்று ஒரு மாதம் எழுது. பிறகு உட்கார்ந்து படி. டூல் தேய்ந்ததால் கெட்டுப்போனதை எந்தப் பயிற்சியும் சரிசெய்யாது, அதை அடித்துவிடு. டிராயிங்கில் ஒரே குறி புரியாமல் மூன்று முறை ஆளைக் கூப்பிட்டிருந்தால், நீ தேடுகிற கோர்ஸ் அதுதான். பக்கத்து மெஷின்காரர் பேசும் கன்னடம் புரியவில்லையா? அதற்கு கோர்ஸ் வேண்டாம், அவரோடு தினம் டீ குடி.

இன்னொரு பக்கத்தை நாளைய வேலைக்கு ஒதுக்கு. 1980-இல் டி.வி.எஸ். 50 மொபெட் பிறந்த அதே ஓசூரிலிருந்துதான் இன்று மின்சார ஐக்யூப் ஸ்கூட்டரும் வருகிறது. நம் பக்கத்துப் போச்சம்பள்ளியில் ஓலா போட்டிருப்பது மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை. ஃபிட்டர் படித்த உனக்கு பேட்டரியும் வயரிங்கும் எவ்வளவு தெரியும் என்று அதில் எழுது. ஐ.டி.ஐ. பாடங்களும் கேள்வித் தொகுப்புகளும் மத்திய அரசின் பாரத் ஸ்கில்ஸ் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

பொங்கலுக்கு வரும்போது அந்த நோட்டைக் கொண்டு வா, சேர்ந்து பார்ப்போம். அதுவரை எங்கேயும் பணம் கட்டாதே.

அன்புடன்,
அண்ணன்