தொகுத்தலும் வகுத்தலும்

அறிவு தரும் எழுத்துகளைத் தேடித் திரட்டுதல் நன்று; திரட்டியவற்றை முறைப்பட வகுத்து வைத்தல் அதனினும் நன்று. வேண்டும்பொழுது கைக்கு எட்டாத பொருள் இருந்தும் இல்லாததே ஆகும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் ஞாயிறுதோறும் பெரியதொரு சந்தை கூடுகின்றது. ஆடுகள் ஒருபுறமும் காய்கறிகள் மற்றொருபுறமும் இருப்பதனாலன்றோ, வாங்க வருவோர் அலையாது தாம் வேண்டியதை அடைகின்றனர்? எல்லாம் கலந்து கிடப்பின், சந்தை பெருகப் பெருக இடரும் பெருகும். நூல்களுக்கும் கட்டுரைகளுக்கும் இஃது ஒக்கும்.

பண்டைத் தமிழர் இவ்வுண்மையை நன்கு உணர்ந்திருந்தனர். அகநானூற்றின் 400 பாடல்களையும் தொகுத்தவர் உப்பூரிகுடிகிழார் மகனார் உருத்திரசன்மர். அந்நூலில் ஒற்றைப்படை எண் பெற்றவை பாலைப் பாடல்கள். 2, 8 என முடியும் எண்கள் குறிஞ்சிக்கும், 4 என முடிவன முல்லைக்கும், 6 என முடிவன மருதத்திற்கும், பத்துப் பத்தாக வருவன நெய்தலுக்கும் உரியன. ஆகவே, 238ஆம் பாடல் என்ற அளவில், ஏட்டைத் திறவாமலே அது குறிஞ்சித்திணை என்று கூறிவிடலாம்.

இக்காலத்தில் நூல்களை வகுக்கும் கலைக்குப் புதுநெறி கண்டவர் சீ. இரா. அரங்கநாதன். சீர்காழியில் 1892இல் பிறந்த இவர், கணித ஆசிரியராயிருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூலகக் கலை பயில இலண்டன் சென்றபொழுது, ஒரு கடையில் விளையாட்டுப் பொருளொன்றைக் கண்டார். சிலவகை உறுப்புகளையே மாற்றி மாற்றி இணைத்துப் பலவகை உருவங்கள் அமைத்துக் காட்டினர். ‘நூற்பொருளையும் இவ்வாறே சில கூறுகளின் சேர்க்கையாகக் காட்டலாமே’ என்னும் எண்ணம் அவர்க்குத் தோன்றிற்று. அக்கூறுகளின் குறிகளை முக்காற்புள்ளியால் இணைத்து அவர் அமைத்த கோலன் பகுப்பு முறை 1933இல் நூலாக வெளிவந்தது.

கணினியில் ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டும் மாணவர்க்கும் இம்முறை வழிகாட்டும். கிருஷ்ணகிரி மாந்தோப்புகளைத் தாக்கும் பூச்சிகளைப் பற்றிய கட்டுரை ஒன்று கிடைத்ததாகக் கொள்வோம். அது மாவைச் சார்ந்ததோ, பூச்சியைச் சார்ந்ததோ, கிருஷ்ணகிரியைச் சார்ந்ததோ? மூன்றையும் சார்ந்ததே. அச்சிட்ட நூலின் படி ஒன்று அலமாரியில் ஓரிடத்திலேதான் இருத்தல் கூடும். கணினியிலோ ஒரே கட்டுரைக்கு இம்மூன்று அடையாளச் சொற்களையும் இட்டு வைக்கலாம். அதன் கோப்புக்குப் பொருளற்ற எண்ணைப் பெயராக விடாமல், ஆசிரியர் பெயர், ஆண்டு, தலைப்பு என்னும் மூன்றையும் ஒரே ஒழுங்கில் அமைத்தல் வேண்டும். படித்தவுடன் அதன் கருத்தை இரண்டொரு வரிகளில் குறித்தலும், படி ஒன்றை வேறிடத்தில் காத்தலும் இன்றியமையாதன.

படிப்போர் காலம் வீணாகலாகாது என்பது அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள் ஒன்று. மா பூக்கும் பருவத்தில் உழவர் ஒருவர் வந்து மருந்து வினவுகையில் அகப்படாத கட்டுரை, பூவெல்லாம் உதிர்ந்தபின் அகப்பட்டு ஆவதென்ன? ஆதலின், மாணவர்கள் திரட்டும் அன்றே வகுத்து வைத்தலைப் பழகுவாராக.