பிடிக்கும் கையும் விடும் கையும்

திருமலையில் பிரம்மோற்சவக் காலத்தில் மாடவீதியில் நின்ற நண்பர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பீர்கள். சுவாமியின் வாகனத்திற்கு முன்னே யானைகளும் காளைகளும் குதிரைகளும் அணிவகுத்துச் செல்லும். மேளம் முழங்கும், பெருங்கூட்டம் ஒரே குரலில் 'கோவிந்தா' என்று கூவும். குதிரையோ இயல்பிலேயே அச்சம் மிக்க விலங்கு. ஒரு காகிதம் பறந்தாலும் மிரளக் கூடியது. அது இவ்வளவு இரைச்சலுக்கிடையே அமைதியாக நடப்பது எப்படி? "வாயில் கடிவாளம் இருக்கிறது, இழுத்தால் நிற்கிறது" என்று எளிதாக விடை கூறிவிடலாம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் தவறு என்பதை ஒரு குதிரையே எனக்கு உணர்த்திற்று.

சித்தூருக்கு அருகில், திருமண ஊர்வலங்களுக்குக் குதிரை அனுப்பும் பெரியவர் ஒருவரிடம் சில நாள் பழகும் வாய்ப்புக் கிட்டியது. தமிழும் தெலுங்கும் கலந்து பேசுபவர் அவர். முதல் நாள் குதிரைமேல் ஏறியதும் அச்சத்தால் வாரை இறுகப் பிடித்துக்கொண்டேன். குதிரை தலையை உதறிற்று, வாயைத் திறந்தது, நிற்பதற்குப் பதிலாக விரைந்து நடந்தது. நான் மேலும் இழுத்தேன். அது மேலும் விரைந்தது. பெரியவர் ஓடிவந்து நிறுத்திவிட்டுச் சொன்னார்: "பிடிக்க எல்லாருக்கும் தெரியும் தம்பி. விடத் தெரியணும்." இறங்கிப் பார்த்தேன். குதிரையின் வாயோரம் சிவந்திருந்தது. அது என் கையால் நேர்ந்தது. அன்று முதல் இதுபற்றிப் படிக்கத் தொடங்கினேன். படித்தவற்றின் சாரத்தை இங்கே தருகிறேன்.

குதிரை கற்கும் முறை

குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல் இல்லாத இடைவெளி ஒன்று உண்டு. கடிவாளம் அங்கேதான் அமர்கிறது. அவ்விடத்தில் எலும்பின்மேல் மெல்லிய தசை மட்டுமே இருப்பதால், சிறு அழுத்தமும் பெரிதாக உறுத்தும்.

அழுத்தம் குதிரைக்கு ஒரு கேள்வி. பக்கவாட்டில் காலால் மெல்ல அழுத்துகிறோம். குதிரை ஓரடி முன்னே வைக்கிறது. உடனே காலைத் தளர்த்துகிறோம். "நான் செய்தது சரி" என்று குதிரை அந்தத் தளர்விலிருந்தே அறிகிறது. உளநூலார் இதனை எதிர்வலுவூட்டல் என்பர். இங்கே 'எதிர்' என்பது தண்டனை அன்று. தொல்லை ஒன்றை நீக்குதல் என்பதே பொருள். தளர்வு நொடிப்பொழுதில் வரவேண்டும். காலம் தாழ்த்தினால், எதற்காக விடுதலை கிடைத்தது என்பது குதிரைக்கு விளங்காது. விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தால், என்ன செய்தாலும் வலி தீராது என்றே அது கற்கும். வாய் மரத்த குதிரைகள் உருவாவது இவ்வாறுதான்.

அழுத்தத்திற்குச் சற்று முன்னரே நாம் நிமிர்ந்து அமர்ந்தாலோ ஒரு குரல் கொடுத்தாலோ, நாளடைவில் அந்தக் குறிப்பு மட்டுமே போதுமானதாகிவிடும். பாவ்லவின் நாய் மணியோசை கேட்டு உமிழ்நீர் சுரந்த கதை இதுவே அன்றோ!

குதிரையின் கூர்மைக்கு ஒரு சான்று: பெர்லினில் வான் ஓஸ்டன் என்பவரின் 'ஹான்ஸ்' என்னும் குதிரை, கணக்குக்கு விடையாகக் குளம்பைத் தட்டி உலகையே வியப்பில் ஆழ்த்தியது. 1904-இல் அறிஞர் குழு ஒன்று அதனைச் சோதித்தது. பின்னர் ஆஸ்கர் புஃபுங்ஸ்ட் ஆராய்ந்து, 1907-இல் உண்மையை வெளியிட்டார். கேட்பவருக்கே விடை தெரியாவிடில் ஹான்ஸ் தோற்றது. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை தம்மை அறியாமல் சிறிதே நிமிரும். அதைக் கண்டே அது தட்டுவதை நிறுத்தியது. இத்தகைய கண்ணுடைய விலங்கிடம் வாரை ஏன் வலிந்து இழுக்க வேண்டும்?

மேனாட்டு மாடு மேய்ப்போர் முறை

ஸ்பானியர் வழியாகக் கலிபோர்னியாவில் வளர்ந்த மாடு மேய்ப்போர் இதை நன்கறிந்திருந்தனர். அவர்களுக்கு ஒரு கை சுருக்குக் கயிற்றுக்கு வேண்டும். மற்றொரு கையால் மட்டுமே குதிரையை நடத்த வேண்டும். ஆதலின் இளங்குதிரைக்கு முதலில் வாயில் எதுவும் இடாமல், பச்சைத்தோலால் பின்னிய மூக்குப்பட்டை கொண்டே பழக்கினர். திருப்பும்போது வார் கழுத்தில் படுமாறு முதலில் செய்வர். பின்னரே திருப்பும் பக்கத்து வாரை இழுப்பர். நாளடைவில் கழுத்தில் வார் பட்ட அளவிலேயே குதிரை திரும்பிவிடும். கடிவாளம் பல காலம் கழித்தே வாய்க்கு வரும்.

தலை நிலை

வளைந்த கழுத்தும் தாழ்ந்த முகமும் காண அழகானவை. ஆயின் அந்த அழகு கையால் வருவதன்று. நிற்கும் குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்கால்களே தாங்குகின்றன. நாம் ஏறினால் அச்சுமை இன்னும் கூடுகிறது. பயிற்சியால் பின்கால்கள் உடலின்கீழ் நன்கு வந்து சுமையேற்கும்போது முதுகு உயரும். கழுத்து தானே வளையும். தலையைக் கயிற்றால் இழுத்துக் கட்டினால் உருவம் கிடைக்கும், உள்ளீடு கிடைக்காது. மேலும், குதிரையின் கண்கள் பக்கங்களில் இருப்பவை. மோவாய் மார்பில் படும்படி இழுத்தால், முன்னுள்ள வழி அதற்குத் தெரியாது. தெரியாத வழியில் மிரளாமல் செல் என்பது நியாயமா?

நம் நாட்டுக் குதிரைகள்

திருப்பதிக்கு அருகிலுள்ள சந்திரகிரி, விஜயநகர மன்னர்களின் பிற்காலத் தலைநகர். அப்பேரரசின் மன்னர் ஆண்டுக்கு 13,000 குதிரைகள் வாங்கினார் என்று 16-ஆம் நூற்றாண்டின் போர்த்துக்கீசியக் குதிரை வணிகர் நூனிஸ் எழுதியுள்ளார். அதற்கு முன்னர், 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கடல் கடந்து வந்த குதிரைகள் பேணும் அறிவின்மையால் மடிந்தன என்று குறித்தார். பொன் கொடுத்துக் குதிரையை வாங்கலாம். அதனைப் பேணும் அறிவைக் கற்றே பெற வேண்டும்.

இரண்டாம் வாரம் அதே குதிரையில் மீண்டும் ஏறினேன். நிமிர்ந்து அமர்ந்து, மூச்சை விட்டு, வாரைச் சிறிதே மூடிப் பிடித்தேன். அதன் நடை தயங்கிய கணமே விரல்களைத் திறந்தேன். குதிரை நின்றது, தலையைத் தாழ்த்திப் பெருமூச்சு விட்டது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. கொள்ளுப் பையை என் கையில் கொடுத்தார்.