அப்பாயியின் படம்: வீட்டுக்கு ஒரு முகப்படம் எடுப்பது எப்படி?



நம்ம லயங்களில் ஒரு பழக்கம் இருக்கிறது. வயசான ஆள் காலமான பிறகுதான் படம் தேடுவோம். டிரங்குப் பெட்டியைக் கிளறினால் அடையாள அட்டை ஒன்றுதான் கிடைக்கும். அதில் உள்ள சின்னப் படத்தை ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிசாக்கி, சட்டம் போட்டு, மாலையும் போட்டு மாட்டுவோம். பேரப்பிள்ளை பார்த்துவிட்டு, "இது எங்க அப்பாயி மாதிரியே இல்லையே" என்று சொல்லும். பிள்ளை சொல்வது சரிதான். அந்தப் படம் கந்தோருக்காக எடுத்தது, வீட்டுக்காக எடுத்தது இல்லை.

வீட்டுக்காக ஒரு முகப்படம் எடுப்பது எப்படி என்பதுதான் இந்தப் பாடம். பெரிய கமெரா வேண்டாம், கையில் இருக்கிற போன் போதும்.

படம் வந்த கதை

வன்னியில் புதுக்குடியிருப்புக்கு ஒரு விசேஷத்துக்காகப் போயிருந்தேன். எனக்குச் சின்ன அப்பாயி முறையான ஒருவர் அங்கே இருக்கிறார். எண்பது வயசைத் தாண்டியவர், நம்ம மலையில் கொழுந்து எடுத்தவர். 1977 கலவரத்துக்குப் பிறகு எத்தனையோ குடும்பங்கள் மலையை விட்டு வன்னிக்குப் போனபோது இவர்களும் போனார்கள். காடு வெட்டி, கிணறு தோண்டிக் குடியிருந்தார்கள். 2009-ல் சண்டை புதுக்குடியிருப்புக்குள் வந்தபோது உடுத்த துணியோடு கிளம்பினார்கள். கல்யாணப் படம், பிள்ளைகள் படம், தாத்தா படம் எல்லாம் அந்த வீட்டோடு போய்விட்டன.

"தாத்தா மொகம் இப்ப எனக்கு மட்டுந்தான்யா தெரியும். எனக்கு அப்புறம் யாருக்கும் தெரியாது" என்றார் அப்பாயி.

அவருடைய பேரன் பதினேழு வயசுப் பையன். தன் போனில் அப்பாயியை எடுத்த ஒரு படத்தைக் காட்டி, "அண்ணே, இதப் பெரிசாக்கி மாட்டலாமா?" என்று கேட்டான். இருவரும் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தோம்.

முதலில் நல்லது

ஒரு படத்தைப் பார்க்கும்போது முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும். அப்பாயி நேராகப் பார்க்கிறார். பார்வையில் கூச்சம் இல்லை. எடுத்தவன் பேரன் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிகிறது. அந்நியர் எடுத்தால் அது கிடைக்காது. ஆகவே வீட்டுப் பிள்ளைகள்தான் வீட்டுப் பெரியவர்களை எடுக்க வேண்டும்.

பிறகு குறைகள்

1. வெயில். பகல் பன்னிரண்டு மணிக்கு முற்றத்தில் வைத்து எடுத்திருக்கிறான். சூரியன் உச்சியில் நிற்கும்போது கண்குழி இரண்டும் கறுத்துப் போகும். மூக்குக்குக் கீழே மீசை மாதிரி நிழல் விழும். வயசான முகத்தில் இது இன்னும் கூடத் தெரியும்.

2. பின்னால் இருப்பது. அப்பாயிக்குப் பின்னால் வெளுத்த வானமும் மணலும். போன் படம் முழுவதற்கும் சேர்த்துத்தான் வெளிச்சத்தைக் கணக்குப் பார்க்கும். பின்னால் வெளிச்சம் கூடினால் முகம் இருண்டு போகும். போதாததற்கு, துணி காயப்போடும் கம்பு ஒன்று தலைக்கு மேல் கொம்பு முளைத்த மாதிரி நிற்கிறது.

3. தூரம். ஒரு முழத்துக்குக் கிட்டப் போய் எடுத்ததால் மூக்கு பெரிசாகவும் காது சின்னதாகவும் விழுந்திருக்கிறது.

4. உயரம். அப்பாயி பலகையில் உட்கார்ந்திருக்கிறார், பையன் நின்றுகொண்டு எடுத்திருக்கிறான். மேலே நின்று குனிந்து பார்த்து எடுத்தால் ஆள் சிறுத்துப் போவார். பெரியவர்களைக் கண்ணுக்குக் கண் நேராகப் பார்த்து எடுக்க வேண்டும்.

5. அழகாக்கும் வசதி. இதுதான் பெரிய குறை. போனில் உள்ள அந்த வசதி சுருக்கத்தை எல்லாம் துடைத்து, நிறத்தையும் வெளுப்பாக்கிவிட்டது. இடது புருவத்துக்கு மேலே அப்பாயிக்கு ஒரு தழும்பு உண்டு. அது படத்தில் இல்லை. "கவ்வாத்து மலையில வெறகு பொறுக்கையில குச்சி கிழிச்சது" என்று அவரே சொன்னார். மலையில் வாழ்ந்ததற்கு அவரிடம் மிச்சம் இருப்பது அந்தத் தழும்புதான். அதையும் அழித்துவிட்டால் என்ன படம்?

திரும்ப எடுத்தோம்

சாயந்தரம் நாலரை மணிக்கு, வாசற்படிக்கு உள்ளே இரண்டு அடி தள்ளி நாற்காலி போட்டோம். அப்பாயியைக் கதவுப் பக்கம் அரைவாசி திரும்பி உட்காரச் சொன்னோம். வெளிச்சம் ஒரு கன்னத்தில் நன்றாக விழுந்தது. மற்றக் கன்னத்தில் மெல்லிய நிழல். பின்னால் வீட்டின் இருட்டு, வேறு ஒன்றும் இல்லை.

பையன் போனின் கண்ணாடியைச் சாரத்து முனையால் துடைத்தான். ஆறடி தள்ளி, அப்பாயியின் கண் உயரத்துக்கு உட்கார்ந்தான். கிட்டப் போகாமல், இரண்டு மடங்கு பெரிதாக்கும் பொத்தானை அழுத்தினான். அழகாக்கும் வசதியை நிறுத்தினான். திரையில் அப்பாயியின் கண்ணைத் தொட்டதும் அந்த இடம் தெளிவாகியது. விரலை மெல்ல மேலே கீழே நகர்த்தினால் வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம்.

இதற்குப் பிறகும் படம் சரியாக வரவில்லை. அப்பாயி விறைத்துப் போய் இருந்தார். "எதுக்குய்யா இந்தக் கெழவியப் புடிக்கிறீங்க?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எந்தச் சேலை கட்டலாம், எங்கே இருக்கலாம் என்று அவரை ஒரு வார்த்தை கேட்கவே இல்லை. கேட்டோம். எழுந்துபோய் நீலச் சேலை கட்டி வந்தார்.

"அப்பாயி, தோட்டத்தில மொதல்ல பேர் பதிஞ்சது எந்த வயசில?" என்று பேச்சுக் கொடுத்தேன். பேச ஆரம்பித்ததும் தோள் இறங்கியது, கை தானாக மடிக்கு வந்தது. பையன் இருபது படம் எடுத்தான். யோசனையோடு இருந்த படம்தான் நல்லது என்று நான் சொன்னேன். பல் இல்லாத வாயோடு சிரித்த படத்தை அப்பாயி எடுத்துக்கொண்டார். அதுதான் சுவருக்குப் போனது. முகம் அவருடையது, முடிவும் அவருடையதுதான்.

நம்ம மலையில் ஒரு கல்லறை

முகப்படக் கலையில் உலகம் பேசும் ஒருவர் நம்ம மலையில்தான் புதைக்கப்பட்டிருக்கிறார். ஜூலியா மார்கரெட் கமரன் என்ற அந்த அம்மா 1815-ல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயசில்தான் முதல் கமெரா கையில் கிடைத்தது. 1867-ல், 75 வயதான விஞ்ஞானி ஜோன் ஹேர்ஷலை அவர் எடுத்த படம் பேர்போனது. கறுத்த பின்னணி, முகத்தில் மட்டும் வெளிச்சம், சுருக்கம் ஒன்றையும் மறைக்கவில்லை. 1875-ல் இலங்கைக்கு வந்தார். அது கோப்பிக் காலம். 1879 ஜனவரியில் திக்கோயாப் பக்கம் காலமானார். கல்லறை பொகவந்தலாவ சென் மேரீஸ் தேவாலயத்தில் இருக்கிறது.

இங்கே தோட்டத்தில் உழைத்தவர்களையும் ஊர் மக்களையும் அவர் எடுத்தார். அந்தப் படங்களில் சில இன்றும் வெளிநாட்டு நூதனசாலைகளில் இருக்கின்றன. ஹேர்ஷலின் பெயர் உலகத்துக்குத் தெரியும். நம்மவர்களில் பெரும்பாலானோருக்குப் பெயர் எழுதப்படவில்லை. அவர்கள் யாருடைய பாட்டி, யாருடைய பாட்டன் என்று இனிமேல் யார் சொல்வது?

படத்தைக் காப்பது

போனில் மட்டும் வைத்திருந்தால் போன் போகும்போது படமும் போய்விடும். கடுதாசியில் இரண்டு பிரதி அடியுங்கள். ஒன்றை வேறு ஊரில் உள்ள உறவுக்குக் கொடுங்கள். ஒரு வீடு போனாலும் மற்ற வீட்டில் இருக்கும். வாட்சப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறையும், ஆவணமாக அனுப்புங்கள். லயத்துச் சுவர் ஈரம் ஊறும். ஆகவே சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே சின்னத் தக்கை வைத்து மாட்டுங்கள். அடுப்புப் புகை படாத இடமாக இருக்கட்டும். படத்தின் பின்பக்கம் பென்சிலால், அழுத்தாமல், பெயர், ஊர், தோட்டம், டிவிசன், வருஷம் எழுதுங்கள்.

பயிற்சி

வீட்டில் உள்ள மூத்தவரிடம் முதலில் சம்மதம் கேளுங்கள். மூட்டம் போட்ட ஒரு நாளைப் பாருங்கள். நம்ம மலையில் அதற்குப் பஞ்சமில்லை, முகத்துக்கு அதைவிட நல்ல வெளிச்சமும் இல்லை. இஸ்தோப்பில் உட்கார வைத்துப் பேச்சுக் கொடுத்து எடுங்கள். எடுத்ததை நலன்புரி அறைக்குக் கொண்டு வாருங்கள். நல்லதை முதலிலும் குறையைப் பிறகும் சேர்ந்து பார்ப்போம்.

புதுக்குடியிருப்பு அப்பாயி வீட்டுச் சுவரில் இப்போது ஒரு படம் இருக்கிறது. பக்கத்தில் தாத்தாவுக்கு உள்ள இடம் காலியாகத்தான் இருக்கிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு இடம் காலியாகும் முன்னால் எடுத்துவிடுங்கள்.